குடை என்ற சொல்லுக்கு நான் சொன்ன பதில்

சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் இரண்டாம் பருவத்தில், ஆழ்மனதைத் தேடிப்போன முன்னோடி மனநல மருத்துவர் ஒருவரைப் பற்றிய பாடம் வரும். ஐரோப்பியர். இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இந்தக் கதையை எழுதும்போது யாருடைய பெயரையும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அவருடையதையும் சேர்த்துத்தான்.

பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். காரணம் கனவு. "மேடம், கனவுல பாம்பு தொரத்துனா என்னங்க அர்த்தம்?" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். நான் கனவிலிருந்து தொடங்குவதில்லை. அவர் இளம் மருத்துவராக ஒரு மனநோய் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து தொடங்குவேன். அங்கே அவர் ஒரு சோதனை செய்தார். மிகச் சாதாரணமான சொற்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். எதிரே இருப்பவர் மனதில் முதலில் தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும். கையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான சொற்களுக்குப் பதில் சட்டென்று வந்துவிடும். ஏதாவது ஒரு சொல்லில் மட்டும் ஆள் திக்கி நிற்பார், அல்லது காரணமில்லாமல் சிரிப்பார். ஏன் நின்றோம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்த நிற்கும் இடத்தில்தான் ஏதோ புதைந்திருக்கிறது என்று அந்த மருத்துவர் பிடித்துக்கொண்டார்.

போன வருடம் மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப் பேருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. சோதனையைச் செய்து காட்டலாம், யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். ஒருவரும் வரவில்லை. நண்பர்கள் முன்னால் வாயிலிருந்து என்ன வந்துவிடுமோ என்ற பயம். சரி என்று நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி சொற்களை வாசித்தாள். பக்கத்தில் இருந்தவள் செல்போனில் நேரம் பார்த்தாள்.

"மரம்."

"தென்னை."

"சோறு."

"ரசம்."

"பஸ்."

"கூட்டம்."

"குடை."

மின்விசிறியின் சத்தம் கேட்டது. சொல் புரிகிறது, குடை என்றால் என்னவென்று தெரிகிறது, அடுத்த சொல் மட்டும் வரவில்லை. மழை என்று சொன்னால் முடிந்தது. அந்த மழை எங்கே போனதென்று தெரியவில்லை. கடைசியில் நான் சொன்னது, "வேண்டாம்."

வகுப்பே சிரித்தது. "மேடம், குடை வேண்டாமுங்களா? நனைஞ்சுபோவீங்க!" என்றான் பின்வரிசையில் ஒருவன். நானும் சிரித்தேன். மாணவி அடுத்த சொல்லுக்குப் போனாள். அதற்கடுத்த சில சொற்களுக்கும் நான் தடுமாறினேன். ஓரிடத்தில் பட்ட அடி அடுத்தடுத்த சொற்களையும் ஆட்டுவிக்கும் என்று அந்த மருத்துவர் கவனித்திருந்தார். அதைத் துணிச்சலாகக் கரும்பலகையிலும் எழுதிப் போட்டேன். எழுதும்போது சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. கணவருக்கு ஓசூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா தவறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. விடைத்தாள் கட்டைப் பிரித்தேன், மூடினேன். மாடிக்குப் போய் ஐடி கம்பெனிக் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இறங்கி வந்தேன். வீட்டில் ஒரு குடைகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மழையில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவள் நான். யாராவது குடை பரிசளித்தால் வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துவிடுவேன். இத்தனை நாள் அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

இதில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இல்லாத இடத்தில் அர்த்தம் தேடுவது மனதின் பழக்கம், அதையும் நான்தான் பாடமாக நடத்துகிறேன். ஆனாலும் உட்கார முடியவில்லை. பல் துலக்கும்போது, கேட்டைப் பூட்டும்போது, பெட்ரோல் பங்கில் நிற்கும்போது, குடை, குடை என்று ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். "அம்மா, சின்ன வயசுல குடையால எனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

அம்மாவின் கை நின்றுவிட்டது. அந்த மருத்துவருக்குக் கடிகாரம் தேவைப்பட்டது. எனக்குத் தேவைப்படவில்லை.

"ஆரு சொன்னா உனக்கு?" என்றாள்.

"ஆரும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"ஒண்ணுமில்ல. அந்தப் பேச்ச உடு." வெங்காயத் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒன்றுமில்லாததை யார் சொன்னது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதன் பிறகு நான் அவளை விடவில்லை. சாப்பிடும்போது கேட்டேன், துணி மடிக்கும்போது கேட்டேன். அவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள். ஒருநாள், "உன்ற படிப்ப என்கிட்டக் காட்டாத" என்று கோபித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் நடமாடினோம்.

கடைசியில் காரில் வைத்துத்தான் சொன்னாள். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். கணபதி சிக்னலில் நின்றோம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளியே யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னாள்.

"எனக்கொரு தங்கச்சி இருந்தா."

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன் என்றுதான் நான் அறிந்திருந்தேன். மாமா இறந்து பல வருடம் ஆகிறது.

"இருந்தாளா?"

"இருக்கறா."

பிறகு நிறுத்தாமல் சொன்னாள். நான் பிறந்தபோது ஒண்டிப்புதூரில் மில் லைன் வீட்டில், மில்காரர்கள் வரிசையாகக் கட்டிவிட்ட ஓட்டு வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். அப்பா அந்த மில்லில் கிளார்க். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வந்து கூடவே தங்கிவிட்டாள். நான் அவளிடம்தான் வளர்ந்தேன். எனக்கு நான்கு வயது நடக்கும்போது அவளுக்கு ஏதோ ஆனது. சுவரைப் பார்த்துப் பேசினாள். சோற்றில் புகை நாற்றம் அடிக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். கயிறு கட்டினார்கள், மந்திரித்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை.

"ஒருநா மத்தியானம் நான் தண்ணி புடிக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா உன்னையும் காணம், அவளையும் காணம். உன்னத் தூக்கிட்டு சிங்காநல்லூர்க் கொளத்துக்குப் போயிட்டா. சேந்து உளுந்து சாகறதுக்கு. உங்கப்பா போயிப் புடிச்சுட்டு வந்தாரு. அடுத்த நாளே மாமா கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரில சேத்துப்போட்டாரு."

"குடை?"

"வெயிலு. குடை புடிச்சுட்டுப் போயிருக்கறா."

"சாகடிக்கக் கூட்டிட்டுப் போறவ வெயில் படாம குடை புடிப்பாளாம்மா?"

"பைத்தியத்துக்குக் காரணம் கேப்பியா நீ?" என்றாள் அம்மா. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"இப்ப எங்க இருக்கறா?"

"காரமடைல. தேர் வீதிக்குப் பின்னால மாவுக்கடை வெச்சிருக்கறா. உங்க மாமா சாகறதுக்கு முந்திச் சொன்னாரு."

காரமடை வழியாக நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஊட்டிக்கு மாணவர்களைக் கூட்டிப் போகும்போது அங்கே வண்டியை நிறுத்தி டீ குடித்திருக்கிறேன். அந்த ஊர்க் கோயில் மாசித் தேரோட்டத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டால், கூட்டம் ஆகாது என்பாள். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

அந்த மருத்துவரைப் பற்றிய பாடத்தில் ஒரு கதை உண்டு. அவர் வேலை செய்த மருத்துவமனையில் ஒரு மூதாட்டி பல்லாண்டுகளாகப் பேச்சில்லாமல் கிடந்தார். கைகள் மட்டும் ஓயாமல் ஒரே மாதிரி அசைந்துகொண்டிருக்கும். எல்லோரும் அதை வெறும் நோய் என்றார்கள். இவர் விசாரித்துக்கொண்டே போனார். அந்த மூதாட்டி இளவயதில் காதலித்தவன் செருப்புத் தைப்பவன், அவன் கைவிட்டுப் போனபோதுதான் மனம் கலங்கியது என்று தெரிந்தது. அந்தக் கைகள் அத்தனை காலமும் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தன. இதைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் ஓர் அமைதி வரும். எனக்கும் தொண்டை அடைக்கும். இப்போது அதை நினைத்தபோது எரிச்சல்தான் வந்தது. கடல் கடந்த ஒரு கிழவிக்காக ஆண்டுதோறும் தொண்டை அடைக்கிறது. என் சொந்தச் சித்தி இருப்பதையே என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் என்று ஒவ்வோர் ஊரும் வரும்போது திரும்பிவிடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போய் என்ன சொல்வது? நீங்கள் கொல்லப் பார்த்த குழந்தை நான்தான் என்றா?

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கிரைண்டர் சத்தம் வீதி முனைக்கே கேட்டது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, கைலிக்கு மேல் சட்டை போட்ட ஒல்லியான பெண்மணி மாவை வழித்துப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் நெற்றி. அம்மாவின் காது.

"எத்தன வேணுங்க? பாத்தரம் கொண்டாந்தீங்களா, பாக்கெட்டாத் தரட்டுங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்டிப்புதூர் மில் லைன்ல இருந்தீங்களுங்களா?" என்றேன். "நான் உங்க அக்கா மகளுங்க."

கிரைண்டரை அவர் நிறுத்தவில்லை. மேலும் கீழும் பார்த்தார். "மூக்கு அப்பிடியேதான் இருக்குது" என்றார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். "உக்காரு கண்ணு. இந்த ஈடு முடிச்சுபோட்டு வாரேன்."

நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டைகள் இருந்தன. அவை எதற்கானவை என்று எனக்குத் தெரியும்.

கூட்டம் குறைந்த பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம். அங்கிருந்து கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் இல்லத்தில் விட்டார்கள். சமையல்கட்டில் வேலை பழகினார். அங்கே கூட வேலை செய்த ஓர் அம்மாவும் இவரும் சேர்ந்து வெளியே வந்து இந்தக் கடையைப் போட்டார்கள். அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். கடை நடக்கிறது. கல்யாணம்? "ஆரு கட்டுவா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"இன்னும் கேக்குதுங்களா?" என்றேன்.

"எது?"

"அந்தக் கொரலுங்க."

கூர்ந்து பார்த்தார். "நீ டாக்டரா?"

"இல்லீங்க. காலேஜ்ல இதப் பத்திப் பாடம் நடத்தறேன்."

"இதுக்கெல்லாம் பாடம் இருக்குதா!" என்றார். ஒரு பாக்கெட்டை முடிந்து வைத்துவிட்டு, "அப்பப்பக் கேக்கும். மாத்தர போடறதுனால முன்ன மாதிரி அதட்டறதில்ல. கிரைண்டர் ஓடறப்பச் சுத்தமாக் கேக்காது" என்றார்.

பாடத்திலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை. அந்த மருத்துவருக்கும் ஒரு காலம் வந்தது. தந்தையைப்போல மதித்த மூத்த ஆசிரியரோடு கருத்து வேறுபட்டுப் பிரிந்தார். அதன்பின் சில ஆண்டுகள் அவருக்குள் உருவங்கள் தோன்றின, அவற்றோடு அவர் பேசினார். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தார். ஏரிக்கரையில் கற்களை அடுக்கிக் குழந்தைபோல வீடு கட்டி விளையாடினார். பயந்து ஓடாமல் அந்த உருவங்களை எழுதினார், வரைந்தார். ஆழ்மனம் பற்றிய அவருடைய பெரிய எண்ணங்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பின. இதை நான் வீரக்கதையாக நடத்துவேன். காரமடையில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது வேறொன்று தோன்றியது. அவருக்கு வீடு இருந்தது. மனைவி, பிள்ளைகள், டாக்டர் என்ற பட்டம் எல்லாம் இருந்தன. உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தால் சாப்பாடு மேசையில் இருக்கும். சித்தி உள்ளே போனபோது கயிறு கட்டி மந்திரித்தார்கள்.

"அன்னைக்கு என்ன ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"என்னைக்கு?" என்றார். தெரியாமல் கேட்கவில்லை.

"கொளத்துக்குப் போன அன்னைக்கு."

கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தார். "கூரை உளுகப்போவுதுன்னு சொல்லுச்சு. ஓடு அத்தனையும் உள்ள உளுகும், தீப் புடிக்கும், புள்ளயத் தூக்கிட்டு ஓடு ஓடுன்னு ஒரே சத்தம். அக்கா ஊட்டுல இல்ல. நீ தூங்கிட்டுக் கெடந்தே. தூக்கிட்டேன்."

"குடை?"

"வெயிலு மண்டயப் பொளந்துச்சு. உனக்குத்தான் வெயிலுல போனா மூக்குல ரத்தம் வந்துருமே. அதான் குடைய எடுத்துட்டேன்."

எனக்கு மூக்கில் ரத்தம் வரும். பள்ளிக்கூடக் காலம் முழுக்க வந்தது. அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

"கொளத்துக்கு ஏனுங்க?"

"அங்க கூரையே இல்லியே. எது வந்து உளுகும்?" என்றார், வெகு சாதாரணமாக. "நீ கொக்குப் பாத்துட்டு நின்னுட்டிருந்தே. சிரிச்சுட்டுத்தான் இருந்தே."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. உங்கப்பா வந்தாரு. கூட்டிட்டுப் போனாங்க." எழுந்து கிரைண்டரில் அடுத்த ஈட்டுக்கு உளுந்தைப் போட்டார். அவர் முடித்துவிட்டார் என்று தெரிந்தது. நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தக் குடை என்னாச்சுங்க?"

கல் சுற்றத் தொடங்கியது. பிறகு சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார். "உங்கப்பா அதயப் புடுங்கி என்னைய அடிச்சாரு. கம்பியெல்லாம் ஒடஞ்சுபோச்சு. நீ 'வேண்டாம், வேண்டாம்'னு அவரு காலப் புடிச்சுத் தொங்கிட்டுக் கெடந்தே."

"பயந்துபோயிட்டாரு மனுசன்" என்றார். "ஆனா நெம்ப வலிச்சுது கண்ணு."

வகுப்பில் நடந்ததை அவரிடம் சொன்னேன். குடை என்றதும் வேண்டாம் என்று சொன்னேன் என்றேன். அவர் வியப்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. "நாலு வயசுப் புள்ளைக்கு அதெல்லாம் எங்க நெனப்பிருக்கும்?" என்றார். "நெனப்பில்லீங்க" என்றேன். ஒரு பெண் மாவு வாங்கப் போசிப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். சித்தி அவளிடம் திரும்பிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் பெரியநாயக்கன்பாளையத்தில் காரை ஓரமாக நிறுத்தினேன். அப்பா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்கு மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாத்திப் பிடித்து, தன் வேட்டி நுனியை நனைத்துத் துடைப்பார். சம்பள நாளில் பேக்கரியிலிருந்து வர்க்கி வாங்கி வருவார், உடைந்ததை அவர் எடுத்துக்கொண்டு முழுசை எனக்குக் கொடுப்பார். அந்தக் கையில் குடையை வைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. ஒரு மனிதன் தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ளாத எல்லாவற்றையும் நிழல் என்றார் அந்த மருத்துவர். கரும்பலகையில் ஒரு குச்சி மனிதனை வரைந்து, பின்னால் ஒரு கறுப்பு மனிதனை வரைந்து அதை விளக்குவேன். நல்லவர்களின் நிழல்தான் அடர்த்தியாக இருக்கும் என்றும் சொல்வேன். அது அப்பாவைப் பற்றிய வாக்கியமாக மாறியபோது கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டேன். சித்தி பொய் சொல்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். நோயில் தோன்றியதாக இருக்கலாமே என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அப்புறம் என் மீதே ஆத்திரம் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் கேட்டேன். "அப்பா அடிச்சாராம்மா?"

அம்மா சோபாவில் உட்கார்ந்தாள். போய் வந்தாயா என்று கேட்கவில்லை. "செத்துப்போன மனுசனப் பத்தி எதுக்குக் கேக்கற?" என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஒடஞ்ச குடைய ஊட்டுக்குக் கொண்டாந்தாரு" என்றாள் பிறகு. "அவ கையி, முதுகெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. அவருஞ் சொல்லல. குடையக் கொண்டுபோயி அடுப்புல வெச்சுப்போட்டேன்."

"அவ என்னக் காப்பாத்தத்தான் தூக்கிட்டுப் போனாளாமா. கூரை உளுகும்னு பயந்துட்டாளாமா" என்று நான் சொல்ல நினைத்தது நாக்குழறி, "என்னக் காப்பாத்தத்தான்" என்று மட்டும் வந்தது. அம்மாவுக்குப் புரிந்தது.

"கொளத்துக் கரைல புள்ளையோட நிக்கறவளப் பாத்தா ஆராயிருந்தாலும் என்னம்மா நெனப்பாங்க?" என்றாள். சித்தியின் மனதில் அந்த நிமிடம் வேறு எதுவும் இருக்கவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அம்மா சொன்னதும் இருக்கட்டும், சித்தி சொன்னதும் இருக்கட்டும் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு நடமாடுகிறேன்.

"இத்தன வருசம் ஏம்மா போயிப் பாக்கல?"

"பாத்தா என்னத்தப் பேசறது?" என்றாள். அழவில்லை. அதன் பிறகு சில வாரங்கள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டாரிடம்கூடப் பேசாமல் பால்கனியில் நின்றாள். நானும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையில் ஒரு டப்பா. "கொள்ளுப்பொடி. அவளுக்குப் புடிக்கும்" என்றாள். "வண்டிய எடு. காரமடைக்குப் போலாம்."

வழியெல்லாம் நான் தயாராகிக்கொண்டே போனேன். இருவரும் அழுவார்கள், யாராவது ஒருவர் கத்துவார், அந்த நாளைப் பற்றிப் பேச்சு வரும், நடுவில் நான் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் யோசித்தேன். அடக்கிவைத்தது வெளியே வந்தால்தான் ஆறும் என்பது என் தொழிலின் அடிப்படை நம்பிக்கை.

கடை வாசலில் காரை நிறுத்தினேன். சித்தி வெளியே வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சித்தியின் கண் அம்மாவின் காலுக்குப் போனது.

"ஏனக்கா, காலு இப்பிடி வீங்கியிருக்குது?"

"சக்கர."

"மாத்தர போடறயா?"

"போடறேன். நீ?"

"போடறேன்."

அம்மா டப்பாவை நீட்டினாள். சித்தி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கறிவேப்பல தூக்கலாப் போட்டுட்டே" என்றார். உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

நான் வெளியே நின்றேன். வீதி முனைவரை நடந்தேன், திரும்பி வந்தேன். மாவு எப்படிப் புளிக்கிறது, வெயில் காலத்தில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி நடந்தேன். வரும்போது சொந்தக்காரர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று போய்க்கொண்டிருந்தது. பேசுங்கள், பேசுங்கள் என்று எனக்குள் ஒருத்தி அரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை நான் எட்டிப் பார்த்தபோது அம்மா சித்தியின் முன்கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய தழும்பா, கிரைண்டர் பட்ட காயமா என்று எனக்குத் தெரியவில்லை. சித்தி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது அம்மா கேட்டாள். "எங்ககூட வாரயா? ரூம்பு சும்மாதான் கெடக்குது."

"கடய ஆரு பாப்பாங்க?" என்றார் சித்தி. "என்னால அடுத்தவங்க கூரைக்குக் கீழ படுக்க முடியாதுக்கா. நீ வேணா வா. வாரப்பச் சொல்லிட்டு வா, முறுக்கு சுடறேன்."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. மாதத்தில் ஒருநாள் அம்மாவைக் கொண்டுபோய் விடுவேன், பொழுதோடு கூட்டி வருவேன். இடையில் போனில் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் மாத்திரை, மழை, சீரியல். சித்தி இதுவரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இந்த ஆண்டும் அந்தப் பாடம் வந்தது. சொற்களையும் கடிகாரத்தையும் பற்றிச் சொன்னேன். செய்துகாட்டச் சொன்னார்கள். நேரமில்லை என்று தாண்டிப்போய்விட்டேன். அந்த மருத்துவரைப் பற்றி முன்னைப்போலச் சொல்ல முடியவில்லை. அவர் புனிதர் இல்லை, மனைவிக்குச் செய்த துரோகங்கள் உண்டு, ஐரோப்பாவில் யூதர்கள் ஒடுக்கப்பட்ட காலத்தில் அவர்களைப் பற்றிப் பேசக்கூடாததைப் பேசிய பேச்சுகளும் உண்டு என்று இந்தமுறை அதையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு மாணவி கையைத் தூக்கி, "அப்படி ஒரு வார்த்தைல நின்னுட்டாங்கன்னா, அப்பறம் அவங்க என்னங்க மேடம் செய்யோணும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவள் பேனாவைப் பிடித்தபடி விழித்தாள்.

அந்த மத்தியானம் இன்னும் எனக்கு நினைவில் இல்லை. கண்ணை மூடி, அந்தக் குளக்கரையில் அப்பாவைத் தேடுவேன். சில நாள் ஏதோ தெரிவதுபோல இருக்கும். அது நான் கண்டதா, சித்தி சொன்னதிலிருந்து நானே கட்டிக்கொண்டதா என்று தெரியாது. கேட்ட கதை நினைவாக மாறிவிடும் என்பதையும் நான்தான் பாடம் நடத்துகிறேன். ஆகையால் அந்தப் படம் தெளியத் தொடங்கினாலே எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

போன மாதம் காரமடையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். சித்தி கொடுத்தனுப்பிய மாவுப் போசியை அம்மா மடியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

"உங்கப்பா நல்ல மனுசந்தான் கண்ணு" என்றாள் திடீரென்று.

"ஆமாம்மா."

கொஞ்ச தூரம் போனது. "ஆனா அன்னைக்கு அவள அடிச்சிருக்கக் கூடாது" என்றாள்.

அதை அவள் வாயால் சொல்லி நான் முதல்முறையாகக் கேட்டேன். ஓட்டிக்கொண்டே போனேன். துடியலூரில் சரவணம்பட்டிக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். கவுண்டம்பாளையம் வந்த பிறகுதான் தெரிந்தது.

"எங்க போறே நீ?" என்றாள் அம்மா.

"சுத்திட்டுப் போலாம்மா. அவசரமில்லையே."

"அவசரமெல்லாம் இல்ல" என்றாள். போசியை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டிகளுக்கு நடுவே நகரத்தை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன்.